தனக்கோடியின் அரைமணி நேரம்

தனக்கோடியின் முகம் வீங்கத் தொடங்கியபோது எல்லோரும் அதை அழகு என்றுதான் சொன்னார்கள். எல்லோரும் என்றால் பக்கத்து வீட்டுக்காரர்களோ சொந்தக்காரர்களோ இல்லை. அவர்கள் எந்தக் காலத்தில் அவளைப் பார்த்து நல்லதாக ஒரு வார்த்தை சொன்னார்கள்? ஃபோனுக்குள் இருக்கிற எல்லோரும். தூத்துக்குடியிலும் துபாயிலும் இருந்துகொண்டு, ஒரு தடவைகூட அவளை நேரில் பார்க்காமலே 'அக்கா, அக்கா' என்று உருகுகிறவர்கள். "கன்னம் வச்சு சூப்பரா இருக்கீங்கக்கா" என்று எழுதினார்கள். "வயசே ஏறலியே, அப்படி என்னதான் சாப்பிடுறீங்க?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு அவளிடம் நேர்மையான பதில் இல்லை. மத்தியானச் சாப்பாட்டைச் சாப்பிடுவதை அவள் விட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

தர்மபுரி பக்கத்திலிருந்து கல்யாணம் ஆன கையோடு பெங்களூர் பொம்மனஹள்ளிக்கு வந்தவள் தனக்கோடி. வந்த வருஷமே கார்மென்ட்ஸில் சேர்ந்தாள். அன்றிலிருந்து சட்டைக்குக் காலர் வைக்கிற வேலை. உலகத்தில் எத்தனையோ பேர் கழுத்தில் அவள் வைத்த காலர் இருக்கிறது, அவர்களில் ஒருவருக்கும் அவளைத் தெரியாது. கணவன் பச்சைமுத்து ஓர் அபார்ட்மென்ட்டில் இரவு வாட்ச்மேன். இவள் வேலை முடிந்து வரும்போது அவன் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்புவான். அவன் திரும்பி வரும்போது இவள் பேருந்துக்கு ஓடிக்கொண்டிருப்பாள். மகன் கிரண் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து அங்கேயே தங்கிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு வாசத்தில்தான் அந்த வீட்டில் ரெண்டு பேர் குடியிருக்கிறார்கள் என்பதே தெரியும்.

ஃபேக்டரியில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் போட்ட சட்டம் இல்லை, பெண்கள் தங்களுக்குத் தாங்களே செய்துகொண்டது. மெஷின்கள் வரிசையாக இருக்கும். சட்டை ஒருத்தி கையிலிருந்து அடுத்தவள் கைக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் ஒருத்தி எழுந்து போனால் அவளுக்கு முன்னால் துணி குவிந்துவிடும், அடுத்தவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், சூபர்வைசர் முனிராஜ் அந்தக் கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி கத்துவார். பாத்ரூம் போக வேண்டுமென்றால் தூணில் தொங்குகிற டோக்கனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். முழு வரிசைக்கும் ஒரே டோக்கன். அதை மாட்டிக்கொண்டு நடக்கும்போது எல்லாக் கண்ணும் முதுகில் ஏறும். அதனால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே விட்டார்கள். புதிதாகச் சேருகிறவளுக்கு முதல் வாரமே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். காலையில் டீ வேண்டாம், தாகம் எடுத்தால் நாக்கை நனைத்துக்கொண்டால் போதும் என்று. பாசத்தோடுதான் சொல்லிக்கொடுப்பார்கள். அதுதான் கொடுமை.

ஆனால் மத்தியானம் அரைமணி நேரம் உண்டு. பெல் அடித்ததும் உடம்புக்குச் சேர வேண்டியதெல்லாம் அந்த அரைமணியில்தான் சேரும். வரிசையில் நின்று பாத்ரூம் போவது, டிபன் பாக்ஸைத் திறந்து அள்ளிப் போட்டுக்கொள்வது, வயிறு குளிரத் தண்ணீர் குடிப்பது, கடைசியாக இன்னொரு தடவை பாத்ரூம். தனக்கோடி எத்தனையோ வருஷம் இதை ஒரு நாள் தவறாமல் செய்தாள். அந்த அரைமணிதான் தன்னை உயிரோடு வைத்திருக்கிறது என்று அவளுக்கு அப்போது தெரியாது. யாருக்குத்தான் தெரியும்?

அவளுடைய அடுத்த மெஷினில் லாவண்யா என்று ஒரு பெண் வந்து சேர்ந்தாள். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆனவள், வாய் ஓயாதவள். தனக்கோடிக்கோ சிரிக்காமல் திட்டுகிற ஒரு வாய். ஒரு நாள் மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தவள் உள்ளே பார்த்துச் சண்டைக்குப் போனாள்.

"ஏ கத்திரிக்கா, நேத்தும் நீதான், இன்னிக்கும் நீதான். உனுக்கு வேற ஊடே இல்லியா? வெக்கமா இல்ல, இப்படி வந்து வந்து படுத்துக்கறியே?"

லாவண்யா அதை ஃபோனில் பிடித்துப் பாட்டு ஒன்றைச் சேர்த்து ரீல்ஸில் போட்டாள். மறுநாள் மத்தியானம் லாக்கரிலிருந்து ஃபோனை எடுத்துப் பார்த்தபோது இருவரும் அதை மாற்றி மாற்றிப் பிடுங்கிப் பார்த்தார்கள். ஊரெல்லாம் அந்தக் கத்திரிக்காயைப் பார்த்துச் சிரித்திருந்தது. அப்படித்தான் 'தனம் அக்கா டிபன் பாக்ஸ்' பிறந்தது. தினமும் ஒரு குழம்புக்குத் திட்டு. பீர்க்கங்காய்க்குத் திட்டு, முந்தாநாள் சாம்பாருக்குத் திட்டு, உப்பு போட மறந்த தனக்குத்தானே திட்டு.

ஃபோனை மெஷினுக்குக் கொண்டுபோகக் கூடாது. வேலை நேரத்தில் லாக்கர் திறப்பது மத்தியானம் மட்டும்தான். ஆக, வீடியோ எடுப்பதும் அந்த அரைமணியில், நேற்றைய வீடியோவுக்கு வந்ததைப் படிப்பதும் அந்த அரைமணியில், "நன்றி தம்பி", "நன்றி கண்ணு" என்று பதில் போடுவதும் அந்த அரைமணியில். முதலில் போனது இரண்டாவது பாத்ரூம். பிறகு தண்ணீர். தண்ணீர் இல்லை என்றால் முதல் பாத்ரூமும் எதற்கு? கடைசியில் சாப்பாடும் போனது. திட்டு வாங்கின கத்திரிக்காய் சாயங்காலம் அப்படியே வீட்டுக்குத் திரும்பி வந்தது.

அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அத்தனை வருஷமாக அவள் பெயரைச் சத்தமாகச் சொன்ன ஒரே ஆள் முனிராஜ், அதுவும் திட்டுவதற்கு. இப்போது முகம் தெரியாத ஆயிரம் பேர் அவள் பெயரைச் சொல்லிச் சிரித்தார்கள். பசிக்கிற வயிற்றைவிட அந்தச் சிரிப்பு பெரிதாக இருந்தது. வீட்டுக்கு வந்தாலும் காலியாகக் கிடக்கிற வீடுதான். கண் சொருகும் வரைக்கும் பதில் போடுவாள், பாதித் தூக்கத்தில் எழுந்து வேலைக்குப் போவாள்.

உடம்பு சும்மா இருக்கவில்லை, சொல்லிக்கொண்டேதான் இருந்தது. முதலில் நீர்க்கடுப்பு. ஃபேக்டரியில் அது எல்லாப் பெண்களுக்கும் வருகிறதுதான், அதற்கு யாரும் லீவு போடமாட்டார்கள். மெடிக்கல் ஷாப்பில் சொன்னால் அவனே எதையோ கொடுப்பான். பிறகு இடுப்புவலி. அதற்கும் ஒரு மாத்திரை. மாத்திரை போட்டால் வலி போய்விடும், மாலையில் திரும்பி வரும், இன்னொன்று போட வேண்டும். சில மாதங்களில் அந்த மாத்திரை காலை டிபன் மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் கால் வீங்கியது. செருப்பின் வார் பதிந்த தடம் சாயங்காலம் வரைக்கும் மறையாமல் இருந்தது. சோற்றை வாயில் வைத்தால் இரும்பை நக்குகிற மாதிரி ஒரு ருசி. இதையெல்லாம் யாரிடம் சொல்வது? சொல்ல நேரம் எங்கே?

பச்சைமுத்துவுக்குத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்ணில் பட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தான்.

"தனம், இன்னாடி மூஞ்சி வீங்கினு இருக்குது?"

"வீங்கினு இல்ல, சதை போட்டுனு இருக்குது. உங்களுக்குத்தான் பொண்டாட்டி மூஞ்சியப் பாக்க இன்னிக்குத்தான் நேரம் கெடச்சுது."

"இல்ல தனம். கண்ணுக்குக் கீழ பாரு, பை மாதிரி தொங்குது. நாளைக்கு லீவு போடு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

அவள் ஃபோனை எடுத்துத் தன் வீடியோவைக் காட்டினாள். "இங்க பாருங்க, எங்க தொங்குது?"

ஃபோனில் தொங்கவில்லை. லாவண்யா போட்டுக்கொடுத்திருந்த ஃபில்டர் கண்ணுக்குக் கீழே இருந்த பையைத் துடைத்து, வெளுத்துப்போன தோலுக்கு ஒரு ரோஜா நிறம் பூசி, உப்பின கன்னத்தை மட்டும் அப்படியே விட்டிருந்தது. பச்சைமுத்து ஃபோனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி ஃபோனைப் பார்த்தான். படிக்காத மனுஷன், ஃபோன் பொய் சொல்லும் என்று அடித்துச் சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை. சோற்றைப் பிசைந்தான். அந்த ஒரு நாள் அவன் பிடிவாதம் பிடித்திருக்கலாம்.

இன்னொருத்தியும் சொன்னாள். ஸ்னேஹா என்ற பெயரில் ஒரு பெண், எங்கோ டயாலிசிஸ் வார்டில் நர்ஸ் வேலை பார்க்கிறவளாம். ஃபில்டர் போட மறந்துபோன ஒரு வீடியோவுக்குக் கீழே எழுதினாள்: "அக்கா, தப்பா நினைக்காதீங்க. உங்க முகவீக்கம் எனக்குச் சரியா படல. ஒரு தடவை கிட்னிக்கு கிரியாட்டினின் டெஸ்ட் பண்ணிடுங்க, பிரஷரும் பாத்துடுங்க." அதற்குக் கீழே மற்றவர்கள் பாய்ந்தார்கள். வாயைக் கழுவு என்றார்கள், அக்காவுக்குக் கண்ணு போடாதே என்றார்கள். இத்தனை பேர் அழகு என்கிறபோது இவள் மட்டும் நோயாளி என்கிறாளே என்று தனக்கோடிக்கு ஆத்திரமாக வந்தது. லாவண்யாவிடம் ஃபோனை நீட்டினாள்.

"பிளாக் பண்ணிடுங்கக்கா, பொறாம புடிச்சவ" என்றாள் லாவண்யா. பண்ணியும் கொடுத்தாள்.

அதற்கப்புறம் நல்லது சொல்ல யாரும் மிச்சமில்லை.

வெயில் ஆரம்பித்த ஒரு மாதத்தில் அது நடந்தது. காலரை மெஷினுக்குக் கீழே கொடுத்தவளுக்கு மூச்சு ஏறவில்லை. தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்த மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினாள். முன்னால் துணி குவிந்தது. முனிராஜ் தூரத்திலிருந்தே, "ஏனம்மா, பேக பேக!" என்று கன்னடத்தில் அவசரப்படுத்திக் கத்திக்கொண்டு வந்தவர், கிட்டே வந்து நீலம் பாரித்திருந்த அவள் உதட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டார். பாவம், அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. லாவண்யாதான் அவளை மடியில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் கூட்டிப்போனாள்.

ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர் சின்ன வயசுக்காரர். ஸ்கேனைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். டாக்டர்கள் நின்றுகொண்டு பேசினால் பயமில்லை, உட்கார்ந்தால்தான் பயம் என்று தனக்கோடிக்குத் தோன்றியது.

"ஒரு நாளைக்கு எவ்ளோ தண்ணி குடிப்பீங்கம்மா?"

"அதிகம் குடிக்கறதில்ல சார். வேலையில எழுந்து போக முடியாது."

"மத்தியானம்?"

தலைமாட்டில் நின்ற லாவண்யா, "மத்தியானம் வீடியோ எடுப்பாங்க சார்" என்றாள்.

மாத்திரையைப் பற்றிக் கேட்டார். எத்தனை காலமாக என்று கேட்டார். கேட்கக் கேட்க அவருடைய குரல் இறங்கிக்கொண்டே போனது. "ரொம்ப லேட் ஆகிடுச்சும்மா. ரெண்டு கிட்னியும் சுருங்கிப்போச்சு. இனிமே டயாலிசிஸ்தான்."

"ஃபோனாலயா சார்?" என்று கேட்டான் பச்சைமுத்து. இரவு டியூட்டி முடித்து வந்து தூங்கியவன், வாட்ச்மேன் உடுப்போடு அப்படியே ஓடி வந்திருந்தான்.

"ஃபோனாலன்னு நாங்க எழுத மாட்டோம். இன்ஃபெக்ஷன், பிரஷர், மாத்திரை, தண்ணி இல்லாதது எல்லாம் சேர்ந்துதான். ஆனா சாப்பிட, தண்ணி குடிக்க, பாத்ரூம் போக இவங்களுக்கு இருந்த நேரம் அது ஒண்ணுதானே? அதுவும் போயிடுச்சு."

"எத்தன வருஷம் இருப்பா சார்?"

"ஒழுங்கா வந்து போனா நல்லா இருக்கறவங்க இருக்காங்க" என்றார் டாக்டர். அதைச் சொல்லும்போது அவர் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார், தனக்கோடியைப் பார்க்கவில்லை. அவள் அதைக் கவனித்தாள்.

டயாலிசிஸ் தொடங்கியதும் அவளுக்கு இன்னொன்றும் சொன்னார்கள். இனி தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். நாள் முழுக்க ஒரு சின்ன பாட்டில், அதற்குள் டீ, மோர், ரசம் எல்லாம் அடக்கம். அதற்கு மேல் குடித்தால் வெளியே போக வழியில்லாமல் நுரையீரலில் போய் நிற்கும், மறுபடியும் மூச்சு முட்டும். தண்ணீர் குடிக்க முடிந்த காலமெல்லாம் குடிக்காமல் இருந்தவளுக்கு இப்போது தாகம் என்றால் என்ன என்று தெரிந்தது. குழாயைத் திறக்கிற சத்தம் கேட்டால் தொண்டை அடித்துக்கொள்ளும். பச்சைமுத்து அவளுக்கு முன்னால் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டான். வாசல் பக்கம் போய்த் திருடன் மாதிரி குடித்துவிட்டு வருவான். அது அவளுக்கு இன்னும் வேதனையாக இருந்தது.

தன் கதை இதோடு முடிந்தது என்று அவள் ஒருவாறு மனசைத் தேற்றிக்கொண்ட சமயத்தில்தான் லாவண்யா பார்க்க வந்தாள். உட்காரும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பையிலிருந்து ஆரஞ்சுப்பழத்தை எடுத்தபோது கூடவே ஒரு மாத்திரை அட்டையும் வந்து விழுந்தது. பாதி காலியான அட்டை. தனக்கோடிக்கு அந்த நிறத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"எத்தன நாளா?"

"சும்மாக்கா. எரிச்சல் கொஞ்சம். எல்லாருக்கும் இருக்கறதுதானே?"

லாவண்யாவும் இப்போது தனியாகப் பக்கம் ஒன்று வைத்திருந்தாள். அக்காவின் காலி இடத்தில் உட்கார்ந்து அவளும் டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துப் பேசினாள். கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. சொல்லும்போது அவளுக்குக் கண் மின்னியது. இவள் இன்னும் பிள்ளைகூடப் பெறவில்லை. பாதி பழி நம்முடையதுதான், இதில் இவளை இப்படியே விட்டுவிட்டுச் செத்தால் நமக்குக் கட்டை வேகாது என்று நினைத்தாள்.

மறுநாள் டயாலிசிஸ் வார்டில், கையில் குழாய் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபோனை எடுத்தாள். ஃபில்டர் போடவில்லை. தன் முகத்தைத் தானே அப்படி முதல் தடவையாக முழுசாகப் பார்த்தாள். பிறகு பேசினாள்.

"கண்ணுங்களா, இதான் தனம் அக்கா. இந்த மெஷினுதான் இப்ப என் கிட்னி. மத்தியானம் பெல் அடிச்சா ஃபோனத் தொடாதீங்க. மொதல்ல பாத்ரூம் போங்க. தண்ணி குடிங்க. சோறு துன்னுங்க. எவன் கத்தினாலும் டோக்கன மாட்டிக்கினு எழுந்து போங்க. என்னப் பாத்துச் சிரிச்சது போதும், இதக் கேளுங்க."

அவள் போட்ட எந்த வீடியோவையும்விட அது அதிகம் ஓடியது. பார்த்தவர்கள் அழுகிற முகங்களாகப் போட்டுத் தள்ளினார்கள். தனக்கோடிக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன நிம்மதி. லாவண்யாவும் பார்த்திருப்பாள், கேட்டிருப்பாள் என்று நம்பினாள். ஆனால் நேரில் பார்க்காமல் மனசு ஆறவில்லை. டயாலிசிஸ் இல்லாத ஒரு நாள் பச்சைமுத்துவைக் கூட்டிக்கொண்டு மத்தியானம் ஃபேக்டரிக்குப் போனாள். கேட்டுக்கு எதிரே இருந்த கடையில் பெரிய தண்ணீர் பாட்டில் ஒன்று வாங்கினாள். கேட்டில் நின்ற ஃபேக்டரி வாட்ச்மேனுக்குப் பழைய பழக்கம், அவளை உள்ளே விட்டான். பச்சைமுத்து வெளியிலேயே நின்றுகொண்டான்.

சாப்பாட்டு ஷெட்டில் காலெடுத்து வைத்ததும் அவளுக்குத் தன் குரலே கேட்டது. 'மொதல்ல பாத்ரூம் போங்க' என்று ஒரு மூலையில். 'இதக் கேளுங்க' என்று இன்னொரு மூலையில். பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்கள் குனிந்து குனிந்து ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பல டிபன் பாக்ஸ்கள் திறக்கப்படவே இல்லை. பாத்ரூம் பக்கம் வரிசையே இல்லை.

"அக்கா!" என்று ஓடி வந்து கட்டிக்கொண்டாள் லாவண்யா. "உங்களத்தான் பாத்துனு இருக்கோம். எல்லாரும் அழுவுறாங்கக்கா."

"அழுவ வேணாம். இந்தா, இத முழுசா குடி. நான் பாக்கணும்."

பாட்டிலை வாங்கியவளின் முகம் பிரகாசமானது. "அக்கா, செம ஐடியா! நீங்க குடுக்கற மாதிரி, நான் குடிக்கற மாதிரி ஒண்ணு எடுத்துடலாம். ஏய், ஃபோன் புடிடி" என்று பக்கத்தில் இருந்தவளிடம் ஃபோனைக் கொடுத்தாள்.

எடுத்தார்கள். லாவண்யா தலையை அண்ணாந்து பாட்டிலை வாயில் வைத்தாள். தனக்கோடி அவளுடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொண்டை அசையவில்லை. வெளிச்சம் சரியில்லை என்று மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் பாட்டில் உயர்ந்தது, உதடு நனைந்தது, தொண்டை அசையவில்லை.

"நல்லா குடிக்கற மாதிரி வந்துச்சாக்கா?"

"குடிடி" என்றாள் தனக்கோடி. "உன் கால்ல உழறேன், ரெண்டு வாய் குடி."

"மத்தியானத்துக்கு மேல டோக்கன் கெடைக்காதுக்கா. இன்னிக்கு ஷிப்மென்ட், முனிராஜ் சார் தூண்கிட்டயே நின்னுனு இருக்காரு. ஊட்டுக்குப் போயி குடிக்கறேன். சத்தியமா."

பெல் அடித்தது. பெஞ்சுகள் நகர்கிற சத்தத்தில் ஷெட் ஒரு நிமிஷம் அதிர்ந்தது. லாவண்யா பாட்டிலை மூடி அக்காவின் கையில் திணித்து, கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, லாக்கரை எட்டுவதற்குள் அந்த வீடியோவைப் போட்டுவிட விரலை ஓட்டிக்கொண்டே நடந்தாள். இன்னொரு கை இடுப்பைப் பிடித்திருந்தது. தனக்கோடி காலி ஷெட்டில் நின்றுகொண்டிருந்தாள். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அன்றைக்கு அவளுக்கு உண்டான தண்ணீரைக் காலையிலேயே குடித்துத் தீர்த்திருந்தாள். கையிலிருந்த பாட்டிலில் ஒரு மிடறுகூடக் குறைந்திருக்கவில்லை.